தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் யார்? வாசகர் கேள்வி பதில்

தெரிந்துகொள்ளுதல், முன்குறித்தல், இரட்சிப்பு பற்றிக் கேட்டு வந்த கடிதங்கள் சேர்ந்துபோனதால் இந்த இதழின் பக்கங்களை இந்த ஒரே பொருளுக்கு ஒதுக்கிவிட்டோம். வேறு எதுவும் சொல்லாத இடங்களில் வசனங்கள் நம் சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பின்படி.

எபேசியர் 1:4-ல் “உலகத்தோற்றத்துக்கு முன்னே கிறிஸ்துவுக்குள் நம்மைத் தெரிந்துகொண்டபடியே” என்று வருகிறது. தேவனுக்கு எல்லாரையும்தானே தெரியும்? நம்மை மட்டும் ‘தெரிந்துகொண்டார்’ என்றால் என்ன அர்த்தம் ஐயா?
வாசகி, பாளையங்கோட்டை

பாதிக் குழப்பம் இந்தச் சொல்லில்தான் சகோதரி. இன்றைய பேச்சில் ‘தெரிந்துகொள்வது’ என்றால் அறிந்துகொள்வது. பழைய வழக்கில் தெரிதல் என்றால் பொறுக்கி எடுத்தல். திருக்குறளில் ‘தெரிந்துதெளிதல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது: ஆளை ஆராய்ந்து எடுத்து, அதன்பின் நம்பு என்பது அதன் பொருள். வேதாகமத் தமிழ் அந்த வழக்கைப் பிடித்துக்கொண்டது. கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் ‘தேர்ந்தெடுத்தார்’ என்றே இருக்கும், குழப்பம் வராது.

ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்க வேண்டாம். குறளின் அரசன் குணம் பார்த்து, குற்றம் பார்த்து, எது மிகுதி என்று பார்த்து ஆளை எடுக்கிறான். உபாகமம் 7:7-ல் கதை தலைகீழ்: “நீங்கள் சகல ஜனங்களிலும் கொஞ்சமாயிருந்தீர்கள்.” ஏன் எடுத்தார் என்றால், அடுத்த வசனம் சொல்லும் காரணம் அவர் அன்புகூர்ந்ததும், பிதாக்களுக்கு இட்ட ஆணையும். எடுக்கப்பட்டவர்களிடம் காரணம் தேடினால் கிடைக்காது.

இதோடு இன்னும் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொண்டால் மற்ற பதில்களும் எளிதாகும். ‘முன்குறித்தல்’: கிரேக்க மூலச்சொல்லின் வேர் ‘எல்லை’. வயலுக்கு எல்லைக்கல் நட்டு வைப்பது போல, போய்ச்சேர வேண்டிய இடத்தை முன்னமே குறித்து வைப்பது. எபேசியர் 1:5-ல் அந்த இடம் சுவிகாரபுத்திர நிலை, அதாவது தத்தெடுத்த பிள்ளையின் நிலை. ரோமர் 8:29-ல் குமாரனுடைய சாயல். பரலோகம், நரகம் என்ற சொல் இரண்டு இடத்திலும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

‘முன்னறிதல்’ மூன்றாவது, சண்டை முழுக்க இதில்தான். “எவர்களை முன்னறிந்தாரோ” என்ற இடத்தில், யார் விசுவாசிப்பார்கள் என்று முன்கூட்டியே பார்த்தார் என எடுப்பது ஒரு பக்கம். மறுபக்கத்தார் ஆமோஸ் 3:2-ஐ காட்டுவார்கள்: “பூமியின் எல்லா வம்சங்களுக்குள்ளும் உங்களைமாத்திரம் அறிந்துகொண்டேன்.” மற்ற வம்சங்களைப் பற்றிய தகவல் தேவனிடம் இல்லை என்பதா அதற்குப் பொருள்? அங்கே அறிதல் என்பது உறவு வைத்தல். ரோமர் 8:29-ல் ‘எதை’ என்று இல்லாமல் ‘எவர்களை’ என்று இருப்பதால் இரண்டாவது வாசிப்புக்கு இலக்கணம் கொஞ்சம் கூடுதலாகத் துணை நிற்கிறது என்பது எங்கள் கருத்து. வழக்கு அதோடு முடிந்துவிடுவதில்லை.

வாட்ஸ்அப் குழுவில் கால்வினிஸம், அர்மீனியனிஸம் என்று தினம் சண்டை. ‘டியூலிப்’ ஐந்து குறிப்புகளைக் கால்வின் எழுதினாரா? இரு பக்கமும் உண்மையில் எதை மறுக்கிறார்கள்?
கல்லூரி மாணவர், மதுரை

கால்வின் எழுதவில்லை தம்பி. ஜெனீவாவின் சீர்திருத்தப் போதகரான அவர் 1564-ல் இறந்துவிட்டார். சண்டை தொடங்கியது நெதர்லாந்தில், அதற்கு 40 ஆண்டுகளுக்குப் பிறகு.

லெய்டன் பல்கலைக்கழகத்தில் 1603-ல் பேராசிரியராக வந்தவர் யாக்கோபு அர்மீனியஸ். அதே இடத்தில் பேராசிரியராக இருந்த கோமாரஸ் என்பவருக்கும் இவருக்கும் முன்குறித்தல் பற்றிப் பலத்த வாக்குவாதம். அர்மீனியஸ் 1609-ல் இறந்துபோனார். மறு ஆண்டு, 1610-ல், அவர் வழி வந்த போதகர்கள் ஐந்து பிரிவுகளில் ஒரு முறையீட்டை எழுதி அரசிடம் கொடுத்தார்கள். ஆக, ‘ஐந்து குறிப்பு’ என்ற வடிவத்தை முதலில் கொண்டுவந்தவர்கள் அர்மீனியஸ் பக்கத்தார்தான். டோர்ட்ரெக்ட் நகரத்தில் 1618 நவம்பர் 13-ல் கூடி 1619 மே வரை நடந்த சபைச் சங்கம் அதற்குப் பதிலாக எழுதியதே டோர்ட் விதிகள். இங்கிலாந்து, ஜெனீவா, ஜெர்மன் பிரதேசங்களிலிருந்தெல்லாம் பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். முறையீடு கொடுத்தவர்களோ சம உறுப்பினராக உட்கார வைக்கப்படவில்லை. விசாரிக்கப்படுகிறவர்களாக நின்றார்கள், ஜனவரியில் வெளியேற்றப்பட்டார்கள்.

‘டியூலிப்’ (TULIP) என்ற எழுத்துக் கோவை, கால்வின் வழியாரின் ஐந்து குறிப்புகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து, இருபதாம் நூற்றாண்டில் நினைவுக்காகக் கட்டப்பட்டது. அதில் மனிதனின் முழுச் சீர்கேடு முதலில் வரும். டோர்ட் விதிகளில் தெரிந்துகொள்ளுதல் முதலில் வரும், மூன்றும் நான்கும் ஒரே பிரிவாகச் சேர்ந்திருக்கும். பூவின் பெயருக்காக வரிசை மாறியதில் அர்த்தமும் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. ‘வரையறுக்கப்பட்ட பாவநிவாரணம்’ என்றதும் கிறிஸ்துவின் மரணத்துக்குப் போதிய மதிப்பில்லை என்று சொல்கிறார்கள் போலும் என நினைத்துவிடுகிறார்கள். இரண்டாம் பிரிவின் மூன்றாம் விதியைத் திறந்து பாருங்கள்: அந்த மரணம் அளவில்லாத மதிப்புள்ளது, முழு உலகத்தின் பாவங்களுக்கும் தாராளமாகப் போதுமானது என்று எழுதியிருக்கிறது. யாருக்குப் பயன்படும்படி தேவன் நோக்கம் வைத்தார் என்பதே அவர்களுடைய விவாதம்.

மறுபக்கத்திலும் இதே கதைதான். “மனுஷன் தன் பலத்தால் தேவனிடம் வரமுடியும் என்பது அர்மீனியனிஸம்” என்று குழுவில் யாராவது எழுதினால் அது தவறு. 1610 முறையீட்டின் மூன்றாம் பிரிவு, கிருபையில்லாமல் மனிதன் நன்மையான எதையும் நினைக்கவோ விரும்பவோ செய்யவோ முடியாது என்கிறது. அந்தக் கிருபையை மனிதன் எதிர்த்துத் தள்ள முடியும் என்பது நான்காம் பிரிவு, வேறுபாடு அங்கேதான். ஐந்தாம் பிரிவில், மெய்யான விசுவாசி விழுந்துபோக முடியுமா என்ற கேள்விக்கு “வேதத்தை இன்னும் ஆராய வேண்டும்” என்றே விட்டுவிட்டார்கள். மனிதனின் சொந்த பலம் போதும் என்ற போதனை ஐந்தாம் நூற்றாண்டின் பெலாகியுஸ் பெயரோடு சேர்ந்தது. கார்த்தேஜ் சங்கம் 418-லேயே அதைக் கண்டித்தாயிற்று. இரு கட்சியும் அதை ஏற்பதில்லை.

டோர்ட் முடிந்த சில நாளில், 1619 மே 13-ல், முறையீட்டாருக்கு ஆதரவாயிருந்த முதிய அரசியல்வாதி ஓல்டன்பார்நெவெல்ட்டின் தலையைத் துரோகக் குற்றம் சாட்டி வெட்டினார்கள். சட்ட அறிஞர் குரோட்டியஸ் ஆயுள் சிறை போய், 1621-ல் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பினார். உங்கள் குழுவின் அட்மின் நீக்குவதோடு நிறுத்திக்கொள்கிறாரே, அதுவரை நல்லது.

“யாக்கோபைச் சிநேகித்து, ஏசாவை வெறுத்தேன்.” பிறக்காத குழந்தையைத் தேவன் வெறுப்பாரா? பார்வோன் இருதயத்தையும் அவரே கடினப்படுத்திவிட்டு அவனையே தண்டிப்பது நியாயமா?
ஆசிரியர், நாசரேத்

பவுலே இந்தக் கேள்வியை எதிர்பார்த்தார். ரோமர் 9:14-லும் 9:19-லும் உங்கள் கேள்வியை அவரே கேட்டு வைத்திருக்கிறார். ஆகவே கேட்பது அவிசுவாசம் அல்ல.

பவுல் இரண்டு வசனங்களை அடுத்தடுத்து வைக்கிறார், அவற்றை ஒன்றாக்கிப் படிக்கக் கூடாது. “மூத்தவன் இளையவனைச் சேவிப்பான்” என்பது ஆதியாகமம் 25:23, பிள்ளைகள் பிறக்குமுன் ரெபெக்காளுக்குச் சொன்னது. அதே வசனத்தில் “இரண்டு ஜாதிகள் உன் கர்ப்பத்தில் இருக்கிறது” என்றும் இருக்கிறது. ‘வெறுத்தேன்’ என்பதோ மல்கியா 1:2, 3. அது ஏசா பிறந்து ஆயிரம் ஆண்டுக்கும் மேலான பிறகு, ஏதோம் தேசம் பாழானதைக் காட்டிச் சொன்னது. பிறக்காத சிசுவைப் பார்த்து ‘வெறுத்தேன்’ என்று சொன்னதாக வேதத்தில் எங்கும் இல்லை.

அந்தச் சொல்லின் கனமும் நம்முடைய ‘வெறுப்பு’ அல்ல. ஆதியாகமம் 29:31-ல் லேயாளைப் பற்றி எபிரெயத்தில் இதே வினைதான். அங்கே நம் மொழிபெயர்ப்பாளர்கள் “அற்பமாய் எண்ணப்பட்டாள்” என்று போட்டார்கள். லூக்கா 14:26-ல் தாய்தகப்பனை ‘வெறுக்க’ச் சொல்கிறார் இயேசு, அதை யாரும் சொல்லுக்குச் சொல் எடுப்பதில்லை. இரண்டில் ஒன்றை முன்னால் வைத்து மற்றதைப் பின்னால் வைக்கும் எபிரெயப் பேச்சு வழக்கு அது.

இவ்வளவு சொன்னதும் “அப்படியானால் இது தேசங்களைப் பற்றியதுதான், தனி மனிதரின் இரட்சிப்பைப் பற்றியதல்ல” என்று மூடிவிடத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். 9:3-ல் பவுல் தன் இனத்தார் கிறிஸ்துவை விட்டு நிற்பதற்காக அழுகிறார். 9:16 “விரும்புகிறவனாலும் அல்ல, ஓடுகிறவனாலும் அல்ல, இரங்குகிற தேவனாலேயாம்” என்று ஒருமையில் பேசுகிறது. 9:24 “நம்மை அழைத்தாரே” என்கிறது. கால்வின் வழியாரின் வாதம் இங்கே வலுவானது.

பார்வோன் விஷயத்தில் யாத்திராகமத்தைப் பென்சிலோடு படியுங்கள். 8:15, 8:32 இரண்டிலும் பார்வோன்தான் தன் இருதயத்தைக் கடினப்படுத்துகிறான். வாதைகள் தொடங்கிய பிறகு “கர்த்தர் கடினப்படுத்தினார்” என்ற நேர்வாக்கியம் ஆறாம் வாதையில், கொப்புளத்தின்போது, 9:12-ல் வருகிறது. 9:34-ல் மறுபடியும் அவனே. இதை வைத்து, அவன் தேர்ந்துகொண்ட வழியிலேயே தேவன் அவனை விட்டு இறுக்கினார் என்று அர்மீனியஸ் வழியாரும் லுத்தரன் சபையாரும் படிக்கிறார்கள். ஆனால் 4:21-ல், மோசே எகிப்துக்குள் கால் வைக்குமுன்பே, “நான் அவன் இருதயத்தைக் கடினப்படுத்துவேன்” என்று கர்த்தர் சொல்லியாயிற்று என்பதையும் மறைக்கக் கூடாது. இரண்டையும் பலகையில் எழுதிவிட்டுப் பேசுங்கள்.

குயவன் உவமையில் ஒரு இலக்கணப் புள்ளி இருக்கிறது, தமிழிலும் அது தெரிகிறது. ரோமர் 9:22-ல் கோபாக்கினைப் பாத்திரங்கள் அழிவுக்கு “எத்தனமாக்கப்பட்ட” (ஆயத்தமாக்கப்பட்ட) என்று செயப்பாட்டுவினை. யார் ஆக்கினார் என்று இல்லை. அடுத்த வசனத்தில் கிருபாபாத்திரங்களைத் “தாம் மகிமைக்காக எத்தனமாக்கின” என்று செய்வினை, எழுவாயோடு. கிரேக்கத்திலும் இரண்டும் வேறு வேறு வினைச்சொற்கள். இரட்சிப்புக்கு முன்குறித்ததும் அழிவுக்கு முன்குறித்ததும் தராசின் இரு தட்டு போலச் சமம் என்று போதிக்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும். கால்வினே இந்தத் தீர்மானத்தை நினைத்தால் நடுக்கம் வருகிறது என்று ஒப்புக்கொண்டவர்.

கடைசியாக, 9-ஆம் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடுவது பெருந்தவறு. அதிகாரப் பிரிப்பு பதின்மூன்றாம் நூற்றாண்டில் போட்டது. பவுலின் வாதம் 11:36 வரை ஒரே ஓட்டம். 9:32-ல் இஸ்ரவேலர் இடறியதற்குக் காரணம் விசுவாசத்தினாலே தேடாதது. 10:13-ல் தொழுதுகொள்ளுகிற எவனும் இரட்சிக்கப்படுவான். 11:23-ல் வெட்டிப்போட்ட கிளையை மறுபடியும் ஒட்டவைக்கத் தேவன் வல்லவர். 11:32-ல் “எல்லார்மேலும் இரக்கமாயிருக்கத்தக்கதாக.” அதற்குப் பிறகுதான் “ஆ!” என்ற அந்தப் பெருமூச்சு.

இரண்டு வருடமாகத் தூக்கமில்லை. நான் தெரிந்துகொள்ளப்பட்டவளா இல்லையா என்பதை எப்படி அறிவது? புதுவருட ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில்கூட எனக்கு எச்சரிப்பு வசனம்தான் வந்தது.
வாசகி, நாகர்கோவில்

முதலில் அந்த அட்டை. அது அச்சகத்தில் கட்டுக்கட்டாக வெட்டி, தட்டில் கலைத்து வைத்தது அம்மா. ஊக்கத்துக்காகச் சபைகள் வைத்திருக்கும் ஒரு வழக்கம், அவ்வளவுதான். உங்கள் நித்தியத்தைப் பற்றிய தீர்ப்பு அதில் வராது.

வேதத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் கீழிருந்து மேலே போகிறது. பவுல் தெசலோனிக்கேயருக்கு “நீங்கள் தெரிந்துகொள்ளப்பட்டவர்களென்று அறிந்திருக்கிறோம்” என்று எழுதுகிறார் (1 தெசலோனிக்கேயர் 1:4). எப்படி அறிந்தார்? பரலோகத்துப் புத்தகத்தை எட்டிப் பார்த்தா? அடுத்த வசனங்களைப் படியுங்கள்: சுவிசேஷம் அவர்களிடம் வல்லமையோடு வந்தது, உபத்திரவத்திலும் அதை ஏற்றார்கள், விக்கிரகங்களை விட்டுத் திரும்பினார்கள். கண்ணுக்குத் தெரிந்ததிலிருந்து தெரியாததுக்குப் போகிறார்.

இதே பாதையை நீங்களும் போகலாம். யோவான் 6:37-ல் இரண்டு பாதி உண்டு. “பிதாவானவர் எனக்குக் கொடுக்கிற யாவும் என்னிடத்தில் வரும்” என்ற முதல் பாதி தேவனுடைய கணக்கு. “என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை” என்ற இரண்டாம் பாதி உங்கள் கையில் கொடுத்த வாக்கு. முதல் பாதியில் உங்கள் பெயரைத் தேடாதீர்கள். இரண்டாம் பாதியின்படி வாருங்கள். கிறிஸ்துவே நாம் நம் தெரிந்துகொள்ளுதலைப் பார்க்கும் கண்ணாடி என்று கால்வின் எழுதியதும் இதைத்தான். அவர் தம் பெரிய நூலின் 1559 பதிப்பில் இந்தப் போதனையை எங்கே வைத்தார் தெரியுமா? மூன்றாம் புத்தகம், 21 முதல் 24 வரையுள்ள அதிகாரங்கள். விசுவாசம், மனந்திரும்புதல், நீதிமானாக்கப்படுதல், ஜெபம் எல்லாம் முடிந்த பிறகு.

அடுத்தது 2 பேதுரு 1:10, “உங்கள் அழைப்பையும் தெரிந்துகொள்ளுதலையும் உறுதியாக்கும்படி ஜாக்கிரதையாயிருங்கள்.” எப்படி என்பது 5 முதல் 7 வரை: விசுவாசத்தோடு தைரியம், ஞானம், இச்சையடக்கம், பொறுமை, தேவபக்தி, சகோதர சிநேகம், அன்பு என்று ஏழு. ஏழிலும் நூற்றுக்கு நூறு வாங்கச் சொல்லவில்லை. மரம் உயிரோடிருக்கிறதா என்று பார்க்கத் துளிர் போதும். டோர்ட் விதிகளின் முதல் பிரிவு, 12-ஆம் விதி, அடையாளங்களாக நான்கைச் சொல்கிறது: கிறிஸ்துவில் விசுவாசம், பிள்ளைக்குரிய பயம், பாவத்துக்காகத் துக்கம், நீதியின்மேல் பசி. தேவனுடைய ஆழங்களைத் துருவுவதால் நிச்சயம் வராது என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. 16-ஆம் விதி உங்களுக்காகவே எழுதியது போலிருக்கும்: இந்த நிச்சயத்தை இன்னும் உணராதவர்கள் தங்களைத் தள்ளப்பட்டவர்களாக எண்ணக் கூடாது, வசனம், ஜெபம், திருவிருந்து இவற்றை விடாமல் பயன்படுத்திக் காத்திருக்க வேண்டும்.

இந்தத் தேடலைக் கெடுப்பவை சில. மனந்திரும்பிய தேதி ஞாபகமில்லை என்று வருந்துவது ஒன்று. விசுவாசக் குடும்பத்தில் வளர்ந்த பலருக்கு அப்படி ஒரு தேதியே இருக்காது. ஆராதனையில் அழுகை வந்ததா என்று அளப்பது இன்னொன்று. மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று ராத்திரி எழுந்து உட்காருவது மூன்றாவது. செய்துவிட்டேனோ என்று பயந்து மன்னிப்பைத் தேடுகிறவர், பரிசுத்த ஆவியானவரைத் துணிந்து தூஷித்தவர் அல்ல என்று அனுபவமுள்ள போதகர்கள் எப்போதும் சொல்வார்கள்.

இரண்டு வருடமாகத் தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே எண்ணம் விடாமல் சுழல்வதும், திரும்பத் திரும்ப உறுதி கேட்கத் தோன்றுவதும் மருந்துக்கும் சிகிச்சைக்கும் அடங்கும் நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். இந்த மாதமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். போதகரையும் பாருங்கள். ஒன்று மற்றதற்கு மாற்று அல்ல.

முன்குறித்தல் என்பது தலையெழுத்துதானே? எங்கள் ஊரில் சொல்லும் பூனைக்குட்டி நியாயமும் இதுவும் ஒன்றா?
வைணவ நண்பர், ஸ்ரீரங்கம்

தலையெழுத்து வேறு. ஊழ் என்பது முன்வினையின் பயன் வந்து ஊட்டுவது. அங்கே கணக்கு உண்டு. ரோமர் 9:11 “நல்வினை தீவினை ஒன்றும் செய்யாமலுமிருக்கையில்” என்று சொல்லி அந்தக் கணக்கையே எடுத்துவிடுகிறது.

உங்கள் இரண்டாம் கேள்வி கெட்டிக்காரத்தனமானது. தாய்ப்பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போகிறது, குட்டி ஒன்றும் செய்வதில்லை, அது தென்கலை. குரங்குக்குட்டி தாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அது வடகலை. காரணமில்லாமல் வரும் கடாட்சம் என்று பிள்ளை லோகாசாரியார் மரபு சொல்வதற்கும், அருளுக்கு ஒரு வியாஜம், சாக்கு, வேண்டும் என்று வேதாந்த தேசிகர் மரபு சொல்வதற்கும் இடையிலுள்ள விவாதம் டோர்ட்டின் விவாதத்துக்குப் பக்கத்து வீடுதான். யார் யாரைப் பிடிக்கிறார் என்பதே இரண்டிலும் கேள்வி. ஆனால் வீடு வேறு. கிறிஸ்தவத்தில் தெரிந்துகொள்ளுதல் உலகத்தோற்றத்துக்கு முந்தின தீர்மானம், அது ஒரு சரித்திரச் சிலுவையோடு கட்டப்பட்டது, பல பிறவிக்கு அங்கே இடமில்லை. பூனை இருப்பதாலேயே கால்வின் தென்கலை ஆகிவிடமாட்டார்.

எங்கள் சபை தென்னிந்திய திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனம். இந்த விஷயத்தில் எங்கள் போதனை என்ன? மெதடிஸ்ட் உறவினர் வேறு மாதிரிப் பேசுகிறார்.
வாசகர், வட்டுக்கோட்டை

பேசத்தான் செய்வார். யாழ்ப்பாணத்தில் இந்தப் போதனை மூன்று வாசலால் வந்தது. 1658-ல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபோது வந்த சீர்திருத்த சபை, டோர்ட் முடிந்து 40 ஆண்டுகூட ஆகாத சபை. 1814-ல் இலங்கைக்கு வந்த வெஸ்லியன் மிஷன், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வழி; உங்கள் உறவினர் பேசுவது அந்த மரபு. 1816-ல் யாழ்ப்பாணத்தில் இறங்கிய அமெரிக்க மிஷன், கால்வின் வழி வந்த காங்கிரிகேஷனல் மரபு; உங்கள் ஆதீனத்தின் வேர் அதுதான்.

வெஸ்லி 1739-ல் ‘இலவசக் கிருபை’ என்ற பிரசங்கத்தில் முன்குறித்தலைக் கடுமையாகத் தாக்கினார். கால்வின் பக்கம் நின்ற அவருடைய நண்பர், பிரசங்கியார் விட்ஃபீல்ட், அடுத்த ஆண்டு எதிர்த்து எழுதினார். ஆனால் விட்ஃபீல்ட் 1770-ல் இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான்.

1947-ல் அமைந்த தென்னிந்திய திருச்சபை ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகளை ஒன்றாகச் சேர்த்தது. ஆகவே வேதாகமத்தையும் அப்போஸ்தல, நிசேயா விசுவாசப் பிரமாணங்களையும் அடிப்படையாக வைத்தது. அந்த இரு பிரமாணங்களிலும் முன்குறித்தல் பற்றி ஒரு வரியும் இல்லை. நீங்களும் உங்கள் உறவினரும் ஒரே பந்தியில் உட்காரலாம்.

தரங்கம்பாடி வழி லுத்தரன் சபையார் இருவர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சுருக்கமாக: 1577-ன் ஒப்புரவு அறிக்கை, பிரிவு 11. தெரிந்துகொள்ளுதல் இரட்சிப்புக்கு மட்டுமே. அழிவுக்கென்று ஒரு தீர்மானம் இல்லை. இரட்சிக்கப்பட்டால் முழுப் பெருமையும் தேவனுக்கு, கெட்டுப்போனால் முழுக் குற்றமும் மனிதனுக்கு. இந்த இரண்டையும் தர்க்கத்தால் ஒட்டவைக்க லுத்தரன் சபையார் முயல்வதில்லை.

கத்தோலிக்கத் திருச்சபை முன்குறித்தலை மறுக்கிறதா?
வாசகர், தூத்துக்குடி

மறுக்கவில்லை. தீமைக்கென்று முன்குறித்தலை மறுக்கிறது. 529-ல் ஒராஞ்சு சங்கமே அப்படிச் சொல்பவர்களைச் சபித்தது. மறைக்கல்வி நூலின் 1037-ஆம் எண், கடவுள் யாரையும் நரகத்துக்கென முன்குறிப்பதில்லை என்கிறது. திரெந்து சங்கம் 1547 ஜனவரி 13-ல், தனி வெளிப்பாடு இல்லாமல் ஒருவர் தாம் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று முழு நிச்சயமாகச் சொல்லக் கூடாது என்றது. புராட்டஸ்டண்டாருடன் நேரடியாக மோதும் இடம் அது. உள்ளுக்குள்ளும் சண்டை இருந்தது: மொலினா என்ற இயேசு சபைக் குரு தேவ கிருபையும் மனிதனின் சுயாதீனமும் பற்றி 1588-ல் எழுதிய நூலால் தொமினிக்கன் சபையாருக்கும் இயேசு சபையாருக்கும் மூண்ட விவாதத்தை ரோமாபுரி ஆண்டுக்கணக்கில் விசாரித்து, 1607-ல் யாருக்கும் தீர்ப்பளிக்காமல், ஒருவரை ஒருவர் கண்டிக்கக் கூடாது என்று அனுப்பிவைத்தது.

தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் எப்படியும் வந்துவிடுவார்கள் என்றால் ஊழியம் எதற்கு?
வாசகர், திருச்சி

அப்போஸ்தலர் 18:9-11. கொரிந்துவில் பயந்திருந்த பவுலுக்குக் கர்த்தர் சொன்னது: பேசு, “இந்தப் பட்டணத்தில் எனக்கு அநேக ஜனங்கள் உண்டு.” அதைக் கேட்டுப் பவுல் மூட்டை கட்டவில்லை, ஒரு வருஷமும் ஆறு மாதமும் தங்கினார். முடிவைக் குறித்தவர் வழியையும் குறித்தார். அறுவடை நிச்சயம் என்று தெரிந்த விவசாயி நாற்று நடாமல் இருப்பானா?

பிறந்து மூன்று நாளில் இறந்துபோன குழந்தை தெரிந்துகொள்ளப்பட்டதா என்று தாய் கேட்டால் என்ன சொல்வது?
போதகர், திண்டுக்கல் மாவட்டம்

டோர்ட் விதிகளைக் கடுமை என்பவர்கள் முதல் பிரிவின் 17-ஆம் விதியைப் படித்ததில்லை: குழந்தைப் பருவத்தில் தேவன் எடுத்துக்கொண்ட தங்கள் பிள்ளைகளின் தெரிந்துகொள்ளுதலையும் இரட்சிப்பையும் பக்தியுள்ள பெற்றோர் சந்தேகிக்கக் கூடாது. கத்தோலிக்கரின் அனைத்துலக இறையியல் குழுவும் 2007-ல், திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைகளுக்காக நம்பிக்கை கொள்ளக் காரணங்கள் உண்டு என்று எழுதியது.

ஆனால் சாவு வீட்டில் விதி எண் சொல்லாதீர்கள். 2 சாமுவேல் 12:23-ல் தாவீது சொன்ன “நான் அதினிடத்துக்குப் போவேன்” போதும். “தேவசித்தம்”, “அவர் தோட்டத்துக்குப் பூ பறித்தார்” போன்ற பேச்சுகளை வாயில் வரவிட வேண்டாம். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க நேரமில்லாமல் போயிருந்தால், தாய் கேட்பதற்கு முன்பே அது அவள் குற்றமல்ல என்று சொல்லிவிடுங்கள்.

எங்கள் வேதபாடக் குழுவில் இதைப் படிக்க விரும்புகிறோம். எப்படி வகுப்பது? வாரம் ஒரு மணி நேரம் கிடைக்கும்.
பெண்கள் ஐக்கியத் தலைவி, தஞ்சாவூர்

நான்கு வாரம் போதும். ரோமர் 9-ல் தொடங்காதீர்கள். பெரும்பாலான குழுக்கள் அங்கேதான் தடுக்கி விழுகின்றன.

முதல் வாரம் ஆதியாகமம் 12:1-3, உபாகமம் 7:6-11. எதற்காக ஆபிரகாமைத் தெரிந்துகொண்டார் என்ற கேள்வியை மட்டும் வையுங்கள். பூமியின் வம்சங்களெல்லாம் ஆசீர்வதிக்கப்பட என்ற விடை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

இரண்டாம் வாரம் எபேசியர் 1:3-14. கிரேக்கத்தில் இந்தப் பன்னிரண்டு வசனமும் ஒரே வாக்கியம். ஒவ்வொருவர் கையிலும் பென்சில் கொடுத்து ‘கிறிஸ்துவுக்குள்’, ‘அவருக்குள்’, ‘அவராலே’ என்று வருமிடங்களில் கோடு போடச் சொல்லுங்கள். பக்கம் முழுக்கக் கோடாகிவிடும். நீங்கள் சொல்ல வேண்டியதில் பாதியை அந்தக் கோடுகள் சொல்லிவிடும்.

மூன்றாம் வாரம் ரோமர் 9 முதல் 11 வரை. 90 வசனம், சத்தமாக வாசிக்க ஏறக்குறைய கால் மணி நேரம். நிறுத்தாமல், விளக்காமல், மூன்று பேர் மாறி மாறி வாசியுங்கள். அதன் பிறகு கேள்விக்குக் குறைந்தது அரை மணி நேரம் விடுங்கள். யூடியூபில் பார்த்த வாதத்தை யாராவது எடுத்தால், “எந்த வசனம்?” என்று மட்டும் கேளுங்கள்.

நான்காம் வாரம் யோவான் 6:35-40, 2 பேதுரு 1:3-11. கடைசிப் பத்து நிமிடம் அமைதியான ஜெபம்.

ஒன்று மட்டும் முன்னாலேயே செய்ய வேண்டும். குழுவில் யார் வீட்டிலாவது அண்மையில் விசுவாசத்துக்கு வெளியே ஒருவர் இறந்திருக்கிறாரா, பிள்ளை சபையை விட்டுப் போயிருக்கிறானா என்று தனியாக விசாரித்து வையுங்கள். இருந்தால் மூன்றாம் வாரத்தைக் கடைசிக்குத் தள்ளி, யோவான் 6-ஐ முன்னுக்கு எடுங்கள். அந்தச் சகோதரியின் வீட்டுக்கு அதற்கு முன்பே ஒரு தடவை போய் வந்துவிடுங்கள்.